நோய் தாங்கும் ஆஸ்பென்: கிளையை விட்டுவிட்டு வேரைத் தோண்டுங்கள்

குளிர்நாட்டு மரமான ஆஸ்பெனின் காடு வளர்ப்பில் இறங்கியிருக்கும் ஒருவர் கேட்டது இது: "எங்கள் ஆஸ்பென் காட்டில் பட்டைப்புண் நோய் புகுந்து மரங்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. பட்டை ஓரத்தில் மஞ்சளாகி உள்ளே கறுத்துக் கொப்பளிக்கிறது, அந்த இடத்திலேயே தண்டு காற்றில் முறிகிறது. நடுவில் பதினைந்து மரங்கள் மட்டும் பழுதில்லாமல் நிற்கின்றன. அவற்றின் கிளைகளை வெட்டி நட்டுக் கன்றுகள் எடுக்க இரண்டு முறை முயன்றேன். துளிர்த்தன, பிறகு கருகிவிட்டன. நோய் தாங்கும் இந்த மரங்களை ஆயிரக்கணக்கில் பெருக்க என்ன வழி?"

இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எப்படிப் பெருக்குவது என்பது ஒன்று. பெருக்கத் தகுந்த மரம்தானா என்பது மற்றொன்று. முதல் கேள்விக்கு நேரான பதில் உண்டு. இரண்டாவதை நீங்கள் கேட்கவே இல்லை, "நோய் தாங்கும் இந்த மரங்கள்" என்று முடிவே செய்துவிட்டீர்கள். என் கவலை அங்கேதான். இருந்தாலும் கருகிப்போன குச்சிகளிலிருந்தே தொடங்குகிறேன்.

பாப்லார் பேரினத்தில் கறுப்பு பாப்லார், பால்சம் பாப்லார் வகைகளின் கிளையை முருங்கைப் போத்து ஊன்றுவதுபோல ஊன்றினால் போதும், வேர் பிடித்துவிடும். அவற்றின் தண்டுக்குள்ளேயே வேர்முளைகள் முன்கூட்டியே உருவாகித் தூங்கிக்கொண்டிருக்கின்றன. ஆஸ்பெனும் அதே பேரினம்தான், ஆனால் வேறு பிரிவு. அதன் முதிர்ந்த கிளையில் அந்த ஏற்பாடு இல்லை. குளிர்காலத்தில் வெட்டிய குச்சி வசந்தத்தில் மொட்டவிழ்ப்பது தண்டில் மிச்சமிருக்கும் நீரையும் மாவுச்சத்தையும் செலவழித்துத்தான். கையிருப்பு தீர்ந்ததும் கதை முடிந்துவிடும். பாப்லார் பற்றிய கையேட்டைப் படித்துவிட்டு ஆஸ்பெனை நட்டவர்கள் அனைவரும் இந்த இடத்தில் ஒருமுறை ஏமாந்திருக்கிறார்கள், நானும்தான்.

ஆஸ்பென் தன்னைப் பெருக்கிக்கொள்வது வேரின் வழியாக. வாழைக்குப் பக்கக்கன்று போல இதற்கு வேர்க்கன்று. வாழையின் கன்று கிழங்கிலிருந்து வருவது, இது மெய்யான வேரிலிருந்து வருவது என்று தாவரவியல் படித்தவர்கள் திருத்துவார்கள், சரிதான். மண்ணின் மேலடுக்கில், பெரும்பாலும் 10 சென்டிமீட்டர் ஆழத்துக்குள், பக்கவாட்டில் நெடுந்தூரம் ஓடும் வேர்களில் மொட்டுகள் உண்டாகி மேலே வருகின்றன. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 'பாண்டோ' என்று பெயரிடப்பட்ட ஆஸ்பென் தொகுதி சுமார் 43 ஹெக்டேரில் ஏறத்தாழ 47,000 தண்டுகளோடு நிற்கிறது. பார்ப்பதற்கு அது ஒரு காடு, ஆனால் அத்தனையும் ஒரே ஆண் மரம்.

மரம் நிமிர்ந்து நிற்கும்வரை அதன் நுனிமொட்டுகளில் உருவாகும் ஆக்சின் என்ற ஊக்கி கீழே இறங்கிவந்து வேர்மொட்டுகளை அடக்கிவைக்கிறது. மரத்தை வெட்டினாலோ, தீ எரித்தாலோ, வேரைத் துண்டித்து எடுத்தாலோ அந்த வரத்து நின்றுவிடுகிறது. வேரில் உருவாகும் சைட்டோகைனின் என்ற மற்றோர் ஊக்கியின் கை ஓங்குகிறது. மண்ணும் வெதுவெதுப்பாக இருந்தால் மொட்டுகள் கிளம்பிவிடும். வெட்டிய ஆஸ்பென் காட்டில் அடுத்த கோடையில் ஹெக்டேருக்குப் பல்லாயிரம் கன்றுகள் எழுவது இதனால்தான். நாற்றங்காலில் நாம் செய்யப்போவது இதே வேலையைத் தட்டில் செய்வது. அதற்குள் இறங்கும் முன் உங்கள் பதினைந்து மரங்களுக்கு வருகிறேன்.

அவை பதினைந்து மரங்களா என்பதே எனக்குச் சந்தேகம். ஒரே இடத்தில் நெருங்கி நிற்கும் ஆஸ்பென் தண்டுகள் பெரும்பாலும் ஒரே வேரிலிருந்து எழுந்த ஒரே மரத்தின் படிகள், அதாவது நகல்கள். வசந்தத்தில் போய்ப் பாருங்கள்: எல்லாம் ஒரே நாளில் துளிர்க்கின்றனவா? இலையுதிர் காலத்தில் ஒரே நிறமாக மாறி ஒன்றாக உதிர்க்கின்றனவா? பட்டையின் நிறம், கிளை பிரியும் கோணம், இலை விளிம்பின் பல் ஆகியவை ஒத்துப்போகின்றனவா? பூக்கும்போது எல்லாம் ஆணா, எல்லாம் பெண்ணா? ஆஸ்பெனில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு என்பதால் இது நல்ல அடையாளம். ஆய்வகத்தில் டிஎன்ஏ குறியீடுகளைக் கொண்டு பார்த்தால் சந்தேகமே இருக்காது. எல்லாம் ஒன்றே என்று தெரிந்தால் உங்களிடம் இருப்பது பதினைந்து சாட்சிகள் அல்ல, ஒரே சாட்சி பதினைந்து முறை சொன்னது.

அடுத்த சந்தேகம், அந்த ஒரு சாட்சியும் நோயைத் தாங்கியதா, நோயிடமிருந்து தப்பியதா என்பது. இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும். நீங்கள் சொல்லும் அறிகுறிகள், அதாவது ஓரத்தில் மஞ்சளாகவும் உள்ளே கறுத்துக் கொப்பளித்தும் தெரியும் பட்டை, அந்த இடத்திலேயே காற்றில் முறியும் தண்டு, எல்லாம் ஹைப்பாக்சிலான் பட்டைப்புண்ணைக் காட்டுகின்றன. இன்று என்டோலூக்கா மம்மாட்டா என்று அழைக்கப்படும் பூஞ்சை அதற்குக் காரணம். நலமான பட்டையைத் துளைத்துக்கொண்டு போகும் வலிமை அதற்கில்லை, காயம் வேண்டும். சில்வண்டு முட்டையிடக் கீறும் கீறல், சிறு கிளைகளில் புடைப்பு உண்டாக்கும் வண்டின் துளை, அந்தப் புழுவைத் தேடி மரங்கொத்தி கொத்திய பள்ளம், இவையெல்லாம் அதற்கு வாசல்கள். இந்தப் பூச்சிகள் நெருக்கமான காட்டின் நடுவைவிட வெளிச்சம் விழும் ஓரங்களையும் இடைவெளி விட்ட பகுதிகளையும் விரும்புகின்றன. உங்கள் மரங்கள் நிற்பதோ நடுவில். அவை நலமாக இருப்பது அவற்றின் குணத்தாலா, நிற்கும் இடத்தாலா?

இதை ஓரளவு களத்திலேயே சோதிக்கலாம். அந்தத் தொகுதியின் விளிம்புத் தண்டுகளைப் பாருங்கள். அவற்றிலும் பூச்சிக் காயங்கள் உண்டா? காயத்தைச் சுற்றிப் புண் தொடங்கி, பிறகு மேலும் பரவாமல் தழும்பாக மூடிக்கொண்ட தடங்கள் தெரிகின்றனவா? அப்படித் தெரிந்தால் எனக்கு மகிழ்ச்சி. தழும்பேறிய மரம் நோயைச் சந்தித்து வென்ற மரம், மாசுமறுவற்ற மரம் இன்னும் பரீட்சையே எழுதாமல் இருக்கலாம். கூடவே, நோய்ப்பட்ட மரங்கள் உங்கள் மரங்களின் வயதையே ஒத்தவையா, வேறு வேர்த்தொகுதியைச் சேர்ந்தவையா, கைக்கெட்டும் தூரத்தில் நிற்பவையா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நோயாளிக்குப் பக்கத்துப் படுக்கையில் பல ஆண்டு கிடந்தும் நோய் ஒட்டாதவனைத்தான் நாம் தேடுகிறோம்.

"நோய் தாங்கும் மரம்" என்று பொதுவாக ஒன்று கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எந்த நோய்? பட்டைப்புண்ணைத் தாங்கும் மரம் இலைத்துருவுக்கு முதல் பலியாகலாம். ஆஸ்பெனின் நோய்களை நான் மனத்தில் மூன்று கட்டாக வைத்திருக்கிறேன். இலையையும் இளந்தளிரையும் தாக்குபவை: மெலாம்ப்சோரா துரு, மார்சோனினா இலைப்புள்ளி, தளிரைக் கறுக்கவைத்துக் கொக்கிபோல வளைத்துவிடும் வென்டூரியா. பட்டையைத் தாக்குபவை: ஹைப்பாக்சிலான், சைட்டோஸ்போரா, செரட்டோசிஸ்டிஸ். தண்டின் உள்ளே இருப்பவை: முதன்மையாக ஃபெல்லினஸ் ட்ரெமுலே உண்டாக்கும் வெள்ளை உள்ளழுகல்.

மூன்றாவதை விரைவாக முடித்துவிடலாம். உள்ளழுகல் வயதான மரத்தின் வியாதி. பட்ட கிளையின் அடிக்கட்டை வழியே நுழைந்து பல ஆண்டுகள் ஓசையில்லாமல் வைரமேறிய நடுக்கட்டையைத் தின்னும், குளம்பு வடிவக் காளான் வெளியே தெரியும்போது உள்ளே மரம் பஞ்சாகியிருக்கும். மரத்துக்கு மரம் எதிர்ப்பில் வேறுபாடு உண்டுதான், ஆனால் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு வாழ்நாள் தேவைப்படும். 20, 25 ஆண்டுகளில் வெட்டிவிடும் காட்டில் அழுகல் முற்றும் முன் அறுவடை முடிந்துவிடுகிறது. அதற்காகத் தேர்வு செய்து நேரத்தை வீணாக்க வேண்டாம்.

துருநோய் வேறு மாதிரி. ஒரு கோடைக்குள் பல தலைமுறை எடுக்கும் பூஞ்சை அது, மரமோ அதே இடத்தில் 20 ஆண்டு அசையாமல் நிற்கிறது. இந்த ஓட்டப் பந்தயத்தில் யார் வெல்வார் என்பதற்கு பாப்லார் உலகில் ஒரு கசப்பான சான்று உண்டு. பெல்ஜியத்தில் உருவாக்கிய 'போப்ரே' என்ற கலப்பின பாப்லார் துருவை முழுமையாக எதிர்த்தது, வேகமாகவும் வளர்ந்தது. பிரான்சின் வடக்கிலும் பெல்ஜியத்திலும் அதையே பரப்பிப் பரப்பி நட்டார்கள். 1994-இல் அந்த எதிர்ப்பை உடைக்கும் துரு இனம் தோன்றியது. எல்லா மரமும் ஒரே மரம் என்பதால் ஒன்றில் திறந்த பூட்டு எல்லாவற்றிலும் திறந்தது. அது ஆஸ்பென் அல்ல, துருவும் வேறு இனம். ஆனால் பாடம் அப்படியே பொருந்தும். துருவே அண்டாத மரத்தைக் கண்டால் நான் சற்றுத் தயங்குவேன். துரு கொஞ்சம் வந்தும் இலையை முன்கூட்டி உதிர்க்காமல் தாக்குப்பிடிக்கும் மரம்தான் நீண்ட ஓட்டத்துக்கு நம்பகமானது. அந்த வகை எதிர்ப்பு பல மரபணுக்களில் பரவிக் கிடப்பதால் பூஞ்சையால் ஒரே அடியில் உடைக்க முடிவதில்லை.

இப்போது வேலைக்கு வருவோம். வேர் எடுக்கும் காலம் குளிரில் உறைந்த மண் இளகிய பிறகு, மொட்டு விரியும் முன். அந்த நேரத்தில்தான் வேரில் மாவுச்சத்து நிறைந்திருக்கும். தேர்ந்த மரத்தின் அடியிலிருந்து ஓரிரு மீட்டர் தள்ளி மண்ணை மெல்ல விலக்குங்கள். பென்சிலைவிடத் தடித்து, பெருவிரல் பருமனுக்கு மேற்படாத பக்கவேர் வேண்டும். கிடைத்ததும் வெட்டிவிடாதீர்கள். அந்த வேரைப் பின்தொடர்ந்து போய் அது உங்கள் மரத்தில்தான் சேர்கிறது என்று கண்ணால் பாருங்கள். நோயாளி மரத்தின் வேர் நலமான மரத்தின் காலடியில் ஓடுவது ஆஸ்பென் காட்டில் வெகு சாதாரணம். அரை மணி நேரச் சோம்பலால் பத்து ஆண்டு உழைப்பைத் தவறான மரத்துக்குக் கொடுத்தவர்கள் உண்டு. ஒரே பக்கத்தில் அடியோடு வெட்டாமல் சுற்றிலும் மூன்று நான்கு இடங்களில் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். தாய்மரமும் பிழைத்திருக்க வேண்டுமே.

வெட்டிய வேரை ஈரச் சாக்கில் சுற்றிக் குளிர்ச்சியாகக் கொண்டுவந்து கழுவுங்கள். உள்ளே பழுப்பேறியது, நாற்றமடிப்பது, பட்டை கழன்றது எதுவும் வேண்டாம். மிச்சத்தை 10 முதல் 15 சென்டிமீட்டர் கரணைகளாக நறுக்கி, வெர்மிகுலைட், பெர்லைட், தென்னைநார்த்துகள் அல்லது ஆற்றுமணல் கலந்த தட்டில் படுக்கவைத்து, விரற்கடை உயரத்துக்கு மூடுங்கள். சூடு 20 முதல் 25 பாகை செல்சியஸ். ஈரம் இருக்க வேண்டும், நீர் தேங்கக் கூடாது. கரணை சாவதில் பெரும்பங்கு அதிக நீரால்தான், குறைந்த நீரால் அல்ல. மூன்று முதல் ஆறு வாரத்தில் வெளிர் தளிர்கள் மேலே வரும்.

இங்கேதான் பலர் அவசரப்பட்டுக் கரணையோடு சேர்த்துத் தொட்டியில் நட்டுவிடுகிறார்கள். அதுவும் வளரும், ஆனால் பழைய வேரின் அழுகல் கன்றுக்குள் போகும் வாய்ப்பு அதிகம், ஒரு கரணைக்கு ஒரு கன்றோடு கணக்கும் முடிந்துவிடும். தளிர் 3 முதல் 5 சென்டிமீட்டர் வளர்ந்ததும் அடியோடு ஒட்ட நறுக்கி, வேர்விடத் தூண்டும் இண்டோல் பியூட்டிரிக் அமிலம் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் கலந்த கரைசலில் சில நொடிகள் தோய்த்து, நுண்துளிகளாக நீர் தெளிக்கும் பனிமூட்ட அறையில் நடுங்கள். முதிர்ந்த கிளை செய்ய மறுத்த வேலையை இந்தத் தளிர் இரண்டு மூன்று வாரத்தில் செய்துவிடும். வேரிலிருந்து பிறந்ததால் அதற்குக் குழந்தைப் பருவம் திரும்பியிருக்கிறது. தாய்மரத்துக்கு வயது எழுபதாக இருந்தாலும் இந்தத் தளிருக்கு வயதில்லை. கரணையும் சும்மா கிடக்காது, மறுபடி துளிர்க்கும். இரண்டு மூன்று அறுவடை எடுக்கலாம்.

வேர்விட்ட கன்றுக்கு ஒரு பொறி காத்திருக்கிறது: பகல் நீளம். நாள் குறுகத் தொடங்கினால் ஆஸ்பென் மொட்டுக்கட்டி உறங்கப் போய்விடும், அதுவும் வடக்கிலிருந்து வந்த மரமாக இருந்தால் இன்னும் முந்திக்கொள்ளும். சுவீடனில் 12 இடங்களிலிருந்து 116 ஆஸ்பென் மரங்களைத் திரட்டி இரண்டு தோட்டங்களில் வளர்த்துப் பார்த்தபோது இது பளிச்சென்று தெரிந்தது: வடக்கத்தி மரங்கள் தெற்கே நட்டபோது கோடை மிச்சமிருக்கும்போதே வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. எனவே பசுமைக்குடிலில் விளக்கு போட்டு நாளை 18 மணி நேரத்துக்கு நீட்டிவையுங்கள், இல்லாவிட்டால் விரல் உயரத்திலேயே கன்று நின்றுவிடும். வெகுதொலைவிலுள்ள அட்சரேகையிலிருந்து எதிர்ப்புத் திறன் மிக்க மரம் கிடைத்தால் வாங்கி நடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

முதல் நூறு கன்றுகள் கைக்கு வந்தபின் தாய்மரத்தைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. கன்றுகளையே தாய்ச்செடிகளாக வைத்துக் கத்தரித்துக் கத்தரித்துப் பசுந்தண்டுத் துண்டுகள் எடுக்கலாம். ஓராண்டுக் கன்றுகளின் வேரை இரண்டு மூன்று சென்டிமீட்டர் கரணைகளாக வெட்டியும் பெருக்கலாம். பின்லாந்தில் கலப்பின ஆஸ்பெனுக்கு இந்த முறையை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள்.

திசு வளர்ப்பைப் பற்றியும் கேட்பீர்கள். முடியும். ஆஸ்பென் அதற்கு மிக இசைந்த மரம், மரங்களின் மரபணு ஆய்வில் அது ஆய்வகச் செல்லப்பிள்ளையாக ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். இலைக்கக்க மொட்டைக் கிருமிநீக்கம் செய்து ஊட்டச்சத்துள்ள வளர்ப்பு ஊடகத்தில் வைத்தால் சில மாதங்களில் கணக்கில்லாமல் பெருகும். பல்லாயிரம் கன்று வேண்டும் என்றால் அதுவே வழி. ஆனால் மொட்டிலிருந்து நேராகத் தளிர் எடுக்கும் முறையைக் கேளுங்கள், காலஸ் என்ற உருவமற்ற திசுத்திரளின் வழியாகப் போனால் சில கன்றுகள் தாயை விட்டு விலகிப் போகக்கூடும். சோதனை முடியாத மரத்தைத் திசு வளர்ப்புக்குக் கொடுப்பது என்னைப் பொறுத்தவரை பெரிய அசட்டுத்தனம், தவறையும் அதே வேகத்தில்தான் அது பெருக்கும்.

எந்த முறையானாலும் ஒரு திரைமறைவு ஆபத்து உண்டு. எல்லா ஆஸ்பென் மரமும் ஒரே அளவு கன்று தருவதில்லை. ஒன்றின் கரணை நாற்பது தளிர் விடும், இன்னொன்றினுடையது இரண்டு விட்டுப் படுத்துவிடும். நாற்றங்கால்காரருக்கு இயல்பாகவே முதலாவதன் மேல் பாசம் வந்துவிடும். ஐந்தாறு ஆண்டில் தட்டுகளில் மிஞ்சியிருப்பது நன்றாக வேர்விடும் மரமாக இருக்கும், நோய் தாங்கும் மரமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. இதைத் தடுக்க ஒரே வழி, முரண்டு பிடிக்கும் மரத்துக்கும் தட்டில் இடம் ஒதுக்கிவைப்பதுதான்.

அடையாளச் சீட்டு விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு நாற்றங்காலில் ஒரே நாளில் எட்டு மரங்களின் கரணைகளைத் தட்டில் அடுக்கினோம். பென்சிலால் எழுதிய சீட்டுகள் பனிமூட்ட ஈரத்தில் ஊறி, இரண்டு தட்டுகளில் எழுத்து அழிந்துவிட்டது. "இலையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடலாம்" என்று நம்பினோம். வேர்க்கன்றின் இலை முதிர்ந்த மரத்தின் இலையைப் போலவே இருக்காது என்பது அப்போது எவருக்கும் உறைக்கவில்லை. அத்தனையையும் எரித்தோம். அதற்குப் பிறகு உலோகச் சீட்டும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் தட்டுகளின் வரைபடமும் இல்லாமல் நான் கத்தியைத் தொடுவதில்லை.

சோதனைக்கு வருகிறேன். கன்றுகள் ஒரு கோடை வளர்ந்ததும் தொடங்கலாம். துருவுக்கு எளிய வழி உண்டு: இலையை வட்டவட்டமாக வெட்டி நீர்மேல் மிதக்கவிட்டு, துரு வித்துகளைத் தெளித்து, இரண்டு வாரத்தில் கொப்புளங்களை எண்ணுவது. பட்டைப்புண்ணுக்குத் தண்டில் சிறு காயம் செய்து, வளர்த்த பூஞ்சையை வைத்துக் கட்டி, மாதங்கள் கழித்துப் புண்ணின் நீளத்தை அளப்பார்கள். பூஞ்சையைக் கையாளுவது பயிற்சி பெற்ற ஆய்வகத்தின் வேலை, நீங்கள் செய்ய வேண்டாம். உங்கள் வேலை களச்சோதனை. ஒவ்வொரு மரத்துக்கும் ஒன்றிரண்டு கன்று போதாது, பல தொகுப்புகளாகக் கலைத்துப்போட்டு, மண்ணும் ஈரமும் வேறுபட்ட இரண்டு மூன்று இடங்களிலாவது நட வேண்டும். நோயில் சாகும் மரத்திலிருந்தும் கட்டாயம் கன்று எடுத்து நடுவில் நடுங்கள். இதைச் சொன்னால் பலர் முகம் சுளிக்கிறார்கள். ஆனால் அந்த நோஞ்சான் கன்றுகள் நோய்ப்பட்டால்தான் நோய் அந்த இடத்துக்கு வந்தது என்பதற்கு ஆதாரம், மற்றவை நலமாக இருப்பதற்கும் அப்போதுதான் பொருள். தளிர்நோயும் துருவும் இரண்டு மூன்று ஆண்டில் தங்களைக் காட்டிவிடும். பட்டைப்புண்ணுக்கு எட்டு, பத்து ஆண்டு பொறுக்க வேண்டும். அதற்குக் குறுக்குவழி சொல்பவர் எதையோ விற்க வந்தவர்.

அத்தனை ஆண்டு கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா என்றால் இல்லை, இடையில் விதைவழியும் திறந்திருக்கிறது. ஆஸ்பெனின் பூக்கிளைகளைக் குளிர்கால முடிவில் வெட்டிப் பசுமைக்குடிலில் நீர்ச்சாடியில் வைத்தாலே பூத்து, மகரந்தம் சேர்த்து, சில வாரத்தில் விதையும் முற்றிவிடும். மரத்தின் மேல் ஏறவே வேண்டாம். ஒரு கிராமில் பல ஆயிரம் விதைகள், தூசிபோல. சாதாரண அறையில் சில வாரங்களில் முளைப்புத்திறன் போய்விடும், ஆகவே உடனே விதையுங்கள், அல்லது உலர்த்தி உறைநிலையில் வையுங்கள். மண்ணால் மூடக் கூடாது, ஈரப் பரப்பின் மேல் தூவினால் ஓரிரு நாளில் முளைக்கும். ஐரோப்பிய ஆஸ்பெனையும் அமெரிக்க ஆஸ்பெனையும் இப்படிக் கலந்ததில் பிறந்ததுதான் இன்று வட ஐரோப்பாவில் நடப்படும் கலப்பின ஆஸ்பென், தெற்கு சுவீடனின் நல்ல மண்ணில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 20 கனமீட்டர் வரை மரம் தருகிறது. 1930-களின் நடுவில் நில்சன்-ஏலே என்ற மரபியலாளர் அதே சுவீடனில் பெரிய இலையுள்ள ஓர் ஆஸ்பெனைக் கண்டதும், அதில் வழக்கமான 38-க்குப் பதிலாக 57 குரோமோசோம்கள் இருப்பது தெரியவந்ததும் இந்த மரத்தின் மேல் ஆர்வம் பெருகக் காரணமாயின. இரண்டு நோய்தாங்கிகளைக் கலந்த குடும்பத்தில் ஒவ்வொரு நாற்றும் தனி மரம். நாற்றுப்பருவத்திலேயே பலவீனமானதைக் கழித்துவிட்டு மிச்சத்தை நட்டால், ஒற்றை மரத்தின் படிகளை நடுவதைவிட நிம்மதியாகத் தூங்கலாம்.

படிகளையே நடுவதானால் எத்தனை வகை? ஒரே மரத்தின் பத்தாயிரம் கன்று என்றால் நான் உதவ மாட்டேன். பத்து மரங்களிலிருந்து தலா ஆயிரம் கன்று என்றால் மகிழ்ச்சியோடு வருவேன். பத்தும் உறவினர்களாக இருக்கக் கூடாது. கலந்து நடுவதா, சிறு கட்டங்களாகப் பிரித்து நடுவதா என்பதில் வனவியலாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. நான் கட்டங்களின் பக்கம், ஏனெனில் ஒரு வகை தோற்றுப்போனால் அந்தக் கட்டத்தை மட்டும் அழித்துவிடலாம், கலந்து நட்டால் வேகமாக வளரும் வகை மற்றவற்றை நிழலில் அமுக்கிவிடும்.

நடும் இடத்தைப் பற்றி இரண்டு சொற்கள். ஐரோப்பாவில் ஆஸ்பென் துருக்களில் ஒன்று ஸ்காட்ஸ் பைன் மரத்தின் இளந்தளிரை முறுக்கிக் கெடுப்பது, இன்னொன்று லார்ச் மரத்தில் பாதி வாழ்வை வாழ்வது. இளம் பைன் தோட்டத்தின் பக்கத்தில் ஆஸ்பென் நட்டால் இரு பக்கமும் பகை. இரண்டாவது, வேலி. மான் இனங்களுக்கு ஆஸ்பென் பட்டையும் தளிரும் விருந்து. கடித்த இடமெல்லாம் காயம், காயமெல்லாம் பூஞ்சைக்கு வாசல். நோய் தாங்கும் மரத்தைத் தேடிப் பத்தாண்டு செலவழித்துவிட்டு இரண்டு மீட்டர் வேலிக்குக் கணக்குப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். எலிகளிடமிருந்து காக்க அடித்தண்டைச் சுற்றிப் புல்லைச் செதுக்கிவிடுங்கள், தேவையில்லாமல் கிளை கழிக்காதீர்கள்.

வேர் எடுக்கும் முன் ஒரு கோடை முழுவதும் அந்தத் தொகுதியின் இலைகளைக் கவனியுங்கள். தேமல் தெரிந்தால் நிறுத்துங்கள். ஐரோப்பிய ஆஸ்பெனில் தேமலோடு தொடர்புடைய ஒரு வைரஸ் அண்மை ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. வைரஸ் புகுந்த மரத்தின் கரணையை எவ்வளவு கழுவினாலும் வைரஸ் கூடவே வரும்.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று உங்களுக்குத் தோன்றலாம். பைன் தோட்டத்தில் தவறான நாற்றை நட்டால் வெட்டிவிட்டு வேறு நடலாம். ஆஸ்பெனை வெட்டினால் அதே மரம் ஹெக்டேருக்கு ஐம்பதாயிரம் கன்றுகளாக மறுபடி எழும். நல்ல மரமாக இருந்தால் அடுத்த சுற்றுக்கு நடவுச் செலவே இல்லை. மோசமான மரமாக இருந்தால் அதை அந்த நிலத்திலிருந்து வெளியேற்ற, நிழல் தாங்கும் ஸ்புரூஸ் போன்ற மரத்தை அதன் தலைக்கு மேல் வளர்த்து, வெளிச்சத்தை அடைத்து, ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும். ஆகவே இந்த வசந்தத்தில் பதினைந்து தண்டுகளிலும் சீட்டுக் கட்டித் துளிர்க்கும் நாளை எழுதுங்கள். கோடையில் இலையையும் தழும்பையும் பாருங்கள். அடுத்த ஆண்டு மண் இளகும்போது கரணை எடுக்கப் போகலாம். போகும்போது சாகும் மரத்திலிருந்தும் ஒரு கைப்பிடி வேர் மறக்காமல் எடுத்துவாருங்கள்.